நானூறு வெள்ளிக்குள் ஒரு ஹெட்ஃபோன்

வார நாட்களில் எங்கள் வீட்டில் ஐந்தரைக்கு அலாரம் அடிக்கும். ஷாமளா முதலில் குளிப்பாள். நான் கோப்பி கலக்குவேன். அவள் மீஹூன் சேமியாவையோ முதல் நாள் மீந்த சோற்றையோ டப்பாவில் அடைப்பாள். நான் வண்டியை வெளியே எடுத்து, முன்கண்ணாடியைத் துடைத்து, இந்த பிப்ரவரி முதல் அதில் மாட்டியிருக்கும் கேமராவில் கார்டைச் செருகி, கேட்டைத் திறந்துவைப்பேன். ஆறு பத்துக்கு அவள் கிளம்புவாள். செனாயிலிருந்து பெக்கான் நானாஸுக்கு நாற்பது நிமிடம். அங்கே தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு ஆசிரியை. நான் ஏழே காலுக்கு ஜொகூர் பாருவுக்குப் பஸ் ஏறுவேன். கல்யாணமாகி நான்கு ஆண்டுகள் இப்படித்தான் போயின.

சார்ஜன் தங்கராஜு அவர்களே, விபத்துக்கு மறுநாள் நீங்கள் போலீஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்து என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டீர்கள். வண்டியில் பிரேக் கோளாறு ஏதாவது இருந்ததா, மனைவிக்கு உடம்புக்கு ஏதாவது இருந்ததா, கண்ணாடியில் மாட்டியிருக்கும் கேமராவின் கார்டு எங்கே. முதல் கேள்விக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். மற்ற இரண்டையும் திருத்துவதற்காக இதை எழுதுகிறேன். ஹெட்ஃபோனிலிருந்து தொடங்கினால்தான் ஒழுங்காக வரும்.

ஏப்ரலில் ஒரு ஹெட்ஃபோன் வாங்கினேன். நானூறு வெள்ளிக்கு மேல் போகக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். இருநூறுக்குக் கீழே உள்ளவற்றில் பிளாஸ்டிக் கிறீச்சிடும். அறுநூறுக்கு மேலே பெயருக்குத்தான் காசு. பின்பக்கம் திறந்த வகை, மூடிய வகை என்று இரண்டு உண்டு. திறந்ததில் ஒலி இயல்பாக இருக்கும், ஆள் எதிரில் உட்கார்ந்து பேசுவதுபோல. ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். மூடியதில் ஒலி கொஞ்சம் பெட்டிக்குள் அடைத்ததுபோல் வரும், காது வேர்க்கும், ஆனால் வெளியே கசியாது. எனக்கு மூடியதுதான் வேண்டும். வெளி இரைச்சலைத் தானாக அழிக்கும் கருவி வேண்டாம். இந்த விலையில் அது குரலையும் சேர்த்து மழுங்கடிக்கும்.

ஒரு வாரம் படித்துவிட்டு மூன்றைத் தேர்ந்தெடுத்து, ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியின் மூன்றாம் மாடிக் கடைக்குப் போனேன். முதலாவதில் கனத்த ஒலிகள் முட்டிக்கொண்டு வந்தன. பெண் குரல் திரைக்குப் பின்னால் நின்றது. இரண்டாவதில் குரல் தெளிவு. ஆனால் கிடுக்கி மாதிரி தலையை இறுக்கியது, மூக்குக் கண்ணாடி போட்டிருப்பவனுக்கு அரை மணி நேரம் தாங்காது. மூன்றாவது கொஞ்சம் கனம். நம் ஊர் வெக்கைக்கு அதன் காதுமெத்தை இரண்டு வருடத்தில் உரிந்துவிடும், ஆனால் மாற்றிக்கொள்ளலாம்.

கடையில் இருந்தவர் ஜீவன் என்ற இளைஞர். மூன்றையும் அவர் தலையில் மாட்டிவிட்டு, என் கைப்பேசியில் வைத்திருந்த ஒரு பதிவை ஓடவிட்டு, ஒரு கை தூரத்தில் நின்று காது கொடுத்தேன்.

"என்னாண்ணே, எல்லாரும் தான் மாட்டிக் கேப்பாங்க. நீங்க எனக்கு மாட்டிவுட்டுட்டு வெளிய நின்னு கேக்குறீங்க?"

"வெளிய வருதான்னு பாக்குறேன்."

"பாட்டு இல்லையா லா? யாரோ பொம்பள சிரிக்கிது. யாரு இது, இந்தச் சிரிப்பு சிரிக்கிது?"

"ரேடியோ," என்றேன்.

"ஓ. வீட்டுல அண்ணிக்குத் தொந்தரவா இருக்கக் கூடாது, அதான?"

"ஆமா."

"அலமாக், நல்ல மனசுண்ணே. நான் இப்படி வாங்கிட்டுப் போனா என் பொண்டாட்டி நம்பாது. யாருகூடடா பேசுறன்னு கேக்கும்."

மூன்றாவதில் ஒன்றும் வெளியே வரவில்லை. முன்னூற்று எழுபத்தொன்பது வெள்ளி. வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பதிவில் சிரித்தது ஷாமளா.

என் வேலையைச் சொன்னால் இது அவ்வளவு விநோதமாகத் தோன்றாது. தொலைபேசியில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் ஒரு நிறுவனத்தில் நான் தரக் கணிப்பாளன். பதிவான உரையாடல்களைக் கேட்டு மதிப்பெண் போடுவது என் வேலை. வரவேற்பு, செவிமடுத்தல், தொனி, தெளிவு, நிறைவு. ஒவ்வொன்றுக்கும் இருபது. இந்த வேலையில் ஒரே ஒரு விதிதான் முக்கியம்: கேட்பவன் தலையிடக் கூடாது. முதல் வருடம் நான் ஒருமுறை தலையிட்டேன். வாடிக்கையாளர் திட்டியதில் ஒரு பெண் அழுதுகொண்டே பேசினாள். எழுந்து போய் அவள் மேசையில் ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்துவிட்டு வந்தேன். அன்று முதல் அந்த வரிசையில் இருந்த பதினெட்டுப் பேரும் என் நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பேசினார்கள். எல்லோர் குரலிலும் தேன். மூன்று மாதம் நான் போட்ட மதிப்பெண் எதற்கும் பயன்படவில்லை. தன்னை ஒருவர் கேட்கிறார் என்று தெரிந்த குரல் உண்மைக் குரல் இல்லை. இதை நான் புதியவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன்.

கேமராவை மாட்டியதில் உள்நோக்கம் இல்லை. பிப்ரவரியில் கூலாய் பக்கம் ஒரு மோட்டார்சைக்கிள்காரர் ஷாமளாவின் வண்டியில் உரசிவிட்டு அவள்மீதே பழி போட்டார். அதனால் வாங்கினோம். பதிவு சரியாக விழுகிறதா என்று பார்க்க ஒரு நாள் மாலை கார்டைக் கழற்றி என் மடிக்கணினியில் போட்டேன். சாலை தெரிந்தது. வண்டிக்குள் பேசுவதும் பதிவாகியிருந்தது. சிகாமட்டில் இருக்கும் தன் தங்கை ரூபினியுடன் அவள் கைப்பேசி ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டே போயிருந்தாள்.

"க்கா, மாமா எப்படி இருக்காரு?"

"இருக்காரு. நேத்து ஒரு சாதனை டி. முழுசா மூணு வார்த்தை பேசுனாரு."

"என்னாக்கா அது?"

"உப்பு கொஞ்சம் கம்மி."

பிறகு அந்தச் சிரிப்பு. மூச்சு முட்டி, நடுவில் விக்கி, மறுபடியும் தொடங்கும் சிரிப்பு. நான்கு வருடத்தில் வீட்டில் அதை நான் கேட்டதில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. இன்னொரு முறை கேட்க வேண்டும்போல இருந்தது. அவ்வளவுதான்.

அதன்பின் இரண்டு கார்டுகள் வைத்துக்கொண்டேன். மாலையில் ஒன்றைக் கழற்றுவேன், காலையில் மற்றொன்றைச் செருகுவேன். நான் அவளைச் சந்தேகப்படவில்லை. அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சந்தேகப்படுகிறவன் குற்றத்தைத் தேடுவான். நான் அவளைத் தேடினேன். வீட்டில் அவள் பேசுவதற்கு மதிப்பெண் போட்டால் அறுபது தேறும். வண்டியில் தொண்ணூற்று நான்கு. போட்டுப் பார்த்திருக்கிறேன்.

தினமும் சாப்பாட்டுக்குப் பின் ஒரே மேசையில் உட்காருவோம். அவள் எதிரில் பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்துவாள். நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு காலையில் அவள் பேசியதைக் கேட்பேன். அலுவலக வேலை என்று சொல்லியிருந்தேன். அவள் குரல் என் காதுக்குள் நல்ல தெளிவாக இருந்தது. அவள் வாய் எதிரில் மூடியிருந்தது. நான் இவ்வளவு நிறைவாக வேறெப்போதும் இருந்ததில்லை. சில நேரம் அவள் உதடு அசையும். நான் ஒரு பக்கக் காதுமூடியைத் தூக்கி, "என்ன?" என்பேன். "ஒண்ணுமில்ல," என்பாள். மறுபடி மாட்டிக்கொள்வேன்.

ஜூன் மாதம் பதினேழாம் தேதிப் பதிவில் அவள் பேச்சு பாதியில் நின்றது.

"க்கா? லைன்ல இருக்கியா?"

"இரு டி. முன்னாடி போற லோரி ரெண்டா தெரியிது."

"வண்டிய ஓரமா நிறுத்து மொதல்ல."

ஓரம் கட்டும் விளக்கு டிக் டிக்கென்று நான்கு நிமிடம் பத்து நொடி அடித்தது. விலை குறைந்த ஹெட்ஃபோனாக இருந்தால் அந்த டிக் டிக் மட்டும்தான் கேட்டிருக்கும். இதில் அவள் மூச்சும் கேட்டது. பிறகு ரூபினி, கிளினிக் போ என்றாள். செப்டம்பர் லீவு வரட்டும் என்றாள் இவள்.

"மாமாகிட்ட சொன்னியா?"

"நீயும் சொல்லாத. ஒடனே வேலைய வுடுன்னு சொல்லுவாரு."

நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் அவள் ஒன்றைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தால் அது அவளுடைய உரிமை. நான் அதை மதித்தேன். மேலும், கிளினிக்குக் கூட்டிப்போக வேண்டுமென்றால் எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அந்தக் குரல் அன்றோடு முடிந்தது. தண்ணீர்க் கோப்பை வைத்த கதைதான் மறுபடியும். அன்று இரவுச் சாப்பாட்டில், "ஒடம்புக்கு எதும் பண்ணுதா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கணவன் மனைவியிடம் சாதாரணமாகக் கேட்கிற கேள்வி. இதை நான் அப்போதே யோசித்தேன். யோசித்துவிட்டு, இரண்டாவது முறை வந்தால் கேட்கலாம் என்று வைத்தேன். இரண்டாவது முறை ஐந்து நாள் கழித்து வந்தது. மூன்றாவது அதற்கு மறுநாள். நான் தேதிகளைக் குறித்துக்கொண்டேன்.

ஜூலை நடுவில் ரூபினியின் தொழிற்சாலையில் ஷிப்ட் மாறியது. காலையில் அவளால் பேச முடியவில்லை. இரண்டு நாள் வண்டியில் வெறும் எஞ்சின் சத்தம். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஷாமளா தனியாகப் பேசத் தொடங்கினாள்.

மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "இன்னிக்கு எழுந்திரிக்கும்போதே தலவலி. பல்லு விளக்கும்போது வாந்தி." மறுநாள், "ரவுண்டபோட்ல அஞ்சு நொடி ஒண்ணுமே தெரியல. ஹார்ன் அடிச்சாங்க." அதற்கு மறுநாள், "இடது கை மரத்துப்போவுது." ஆசிரியைகள் பாடத்தை வண்டியில் சொல்லிப் பார்ப்பார்கள். டாக்டரிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்க்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. செப்டம்பரில் எப்படியும் போய்விடுவாள். அதுவரை கேட்டுக்கொண்டிருக்கலாம். அந்தப் பதிவுகளில் அவள் தொனி அடங்கியிருந்தது. ஆனால் தெளிவுக்கு இருபதுக்கு இருபது போட்டேன்.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அவள் மேசையருகே வந்து நின்றாள். நான் காதுமூடியைத் தூக்கினேன். இந்த முறை அவள் ஒண்ணுமில்ல என்று சொல்லவில்லை.

"ஏங்க, அர்ச்சுனன் சாரும் அவங்க வீட்டம்மாவும் எங்க ஸ்கூல்தான். நம்ம தாமான்லதான், ரெண்டு தெரு தள்ளி இருக்காங்க. கொஞ்ச நாளைக்கு அவங்க வண்டியில போயிடவா?"

அர்ச்சுனன் ஆசிரியருக்கு அடுத்த வருடம் பணி ஓய்வு. அவர் மனைவி அதே பள்ளியில் பாலர் வகுப்பு எடுக்கிறார். அவர்கள் வண்டியில் பின்சீட்டு காலியாகத்தான் போகிறது.

"ஏன், நம்ம வண்டிக்கு என்ன?" என்றேன்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல."

என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஏன் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஒன்பது தேதிகள் என்னிடம் இருந்தன. அவர்கள் வண்டியில் அவள் பின்சீட்டில் உட்கார்ந்து, ஆமாம் சார், இல்லை சார் என்று பேசிக்கொண்டு போவாள் என்பதும் தெரியும். அதுவும் எனக்குக் கிடைக்காது.

"வேணாம். நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க," என்றேன்.

இதுவரை நான் எதையும் செய்யவில்லை, செய்யாமல் இருந்தேன், அவ்வளவுதான். இது நான் செய்தது. அவள் "சரிங்க," என்று சொல்லிவிட்டுப் போய் மறுநாளைக்குச் சேலையை இஸ்திரி போட்டாள்.

ஒன்பது நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பத்திரண்டுக்கு, பெக்கான் நானாஸ் எட்டுவதற்குச் சற்று முன், அன்னாசி ஏற்றி ஓரத்தில் நின்ற லோரியின் பின்னால் அவள் வண்டி மோதியது. பிரேக் போட்ட தடமே சாலையில் இல்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். பிரேதப் பரிசோதனையில் மூளையில் ஒரு கட்டி தெரிந்தது. ஆரம்பத்திலேயே பார்த்திருந்தால் எடுத்திருக்கக்கூடிய கட்டிதான் என்றார் டாக்டர். பிறகு நான் நொந்துபோவேன் என்று நினைத்து என் தோளைத் தட்டி, "இது வீட்ல இருக்கிறவங்களுக்கு வெளிய தெரியாதுங்க, மனச வுட்டுறாதீங்க," என்றார். நான் நன்றி சொன்னேன்.

விபத்தன்றே வண்டியைப் பார்க்க என்னை அனுமதித்த நீங்கள் ஐந்து நிமிடம் தனியாக விட்டீர்கள். கேமரா உடையவில்லை. கார்டை அப்போது எடுத்தேன். பிறகு உங்களிடம், கார்டு பழுதாகி ஒரு மாதமாக வெறும் கேமராதான் மாட்டியிருந்தது என்றேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருந்தாள் என்றேன். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள்.

சவ அடக்கத்தன்று என் மாமியார் ராஜம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, எம்மவ போவும்போது கடைசியா என்னய்யா சொன்னா?" என்றார். அன்று காலை வாசலில் அவள் எதுவும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துவிட்டு, வண்டியில் ஏறினாள். ஆனால் சுற்றி நாற்பது பேர் நின்றார்கள். "அம்மாவ வர்ற வாரம் போயிப் பாத்துட்டு வருவோம்னு சொன்னா அத்த," என்றேன். எல்லோரும் ஓவென்று அழுதார்கள். மாமியார் அந்த வாக்கியத்தை இப்போதும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

இதோடு விட்டிருப்பேன். பதினாறாம் நாள் ரூபினி எல்லோர் முன்னிலையிலும் என் காலில் விழுந்தாள். "மாமா, அக்காவுக்குக் கண்ணு இருட்டுறது எனக்குத் தெரியும் மாமா. சொல்லாதன்னு சொன்னா. நான் ஒங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவ இருந்திருப்பா," என்றாள். நான் அவளைத் தூக்கி நிறுத்தி, "உன் தப்பு இல்ல," என்றேன். நிதானமாகத்தான் சொன்னேன். அன்றிலிருந்து ராஜம்மா தன் மகளோடு பேசுவதில்லை. அவளுக்கு ஒரு தட்டுச் சோறு போடுவதில்லை. ரூபினி வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள் என்றும், போன வாரம் சிகாமட் ஆற்றுப் பாலத்தில் நின்றவளைத் தெரிந்தவர்கள் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள் என்றும் கேள்விப்பட்டேன். அவளுக்கு எவ்வளவு தெரியுமோ அதைவிட அதிகமாக எனக்குத் தெரியும், அவளுக்கு முடியாதது எனக்கு முடிந்திருக்கும். இதை அவர்கள் வீட்டில் யாராவது சொல்ல வேண்டும். நான் போய்ச் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்பார்கள். உங்கள் முத்திரையோடு போனால் நம்புவார்கள்.

கார்டு இந்தக் கடிதத்துடன் இருக்கிறது. அதை நான் ஒரே ஒரு முறைதான் கேட்டேன், அடக்கம் முடிந்த மறுநாள், அதே மேசையில். எதிர் நாற்காலி காலியாக இருந்தபோதும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டுதான் கேட்டேன். முப்பத்திரண்டு நிமிடப் பதிவு. முதல் இருபத்தெட்டு நிமிடம் அவள் பேசவில்லை. வண்டியில் மட்டும்தான் அவள் அவளாக இருந்தாள், கேட்கப்படுவது தெரியாமல் பேசினாள் என்று நான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். என் தொழிலில் அதைத் தவறாகக் கணிப்பது பெரிய பிழை.

ராஜம்மாவிடம் நான் சொன்னதை அழித்துவிடுங்கள். ஷாமளா உண்மையில் கடைசியாகச் சொன்னது இது:

"ஏங்க, இத இன்னிக்குச் சாப்பிட்டுட்டுக் கேப்பீங்க. கார்டு தெனமும் உள்ள போயிட்டு வெளிய வர்றது எனக்குத் தெரியும். ஒரு மாசமா ஒங்ககிட்டதான் பேசிக்கிட்டிருக்கேன். இன்னிக்கு ரோட்டோட கோடே தெரியலங்க. நாளைக்கு வண்டிய எடுக்காதன்னு மட்டும் சொல்லுங்க. ஒங்களுக்கு எப்படித் தெரியும்னு நான் கேக்க மாட்டேன்."